தோல்முட்டை

பறவைக் காய்ச்சல் பயத்தில் பண்ணைகளை மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் கேசிகா தன் ஆய்வுக்கு வழக்கமாகக் கோழி எடுக்கும் பண்ணையும் ஒன்றையும் வெளியே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டது. மாசி முடிவதற்குள் நுணுக்குக்காட்டிப் படங்கள் கொஞ்சமாவது எடுத்துக் காட்டும்படி பேராசிரியர் மொனிகா நெருக்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல்தான் கேசிகா அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணன் கிருபன் நகரத்துக்கு வெளியே, சியாகுல்லியில் ஒரு மந்தரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்தான். தோட்டத்து மூலையில் இருந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தான். தோட்டத்துச் சொந்தக்காரியான சிஞ்ஞோராவின் அனுமதியோடு கொஞ்சம் கோழிகள் வளர்த்தான். அவை மரங்களுக்குக் கீழே மேயும். முட்டையிடுவதற்குப் பழம் அடுக்கும் மரப்பெட்டிகளில் வைக்கோல் போட்டு வைத்திருந்தான். அந்தக் கோழிகளை மிருக வைத்தியர் வந்து சோதித்து, நோய் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

“முட்டை இடுற கோழியாத்தான் வேணுமோ?” என்று கிருபன் போனில் கேட்டான்.

“ஓம் அண்ணா. நாள் தவறாமல் இடுறதா இருக்கோணும். இல்லாட்டி எனக்குப் பிரயோசனம் இல்லை.”

“நாள் தவறாமல் எண்டால் சாம்பலிதான்” என்று சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தான்போல. ஆனால் தங்கை கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. புலம்பெயர்ந்த நகரத்தில், ஒரேத்தோ தெருவில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். அம்மாவின் சம்பளம் ஒருவருடைய படிப்புக்குத்தான் காணும் என்றபோது, தானாகவே பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்ட வேலைக்குப் போனவன் அவன்.

சாம்பலி சாம்பல் நிறப் பேடு. கழுத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அது இடும் முட்டையை மற்ற முட்டைகளுக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுக்கலாம். நடுவில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு மெல்லிய வளையம் ஓடும். ஓடு உருவாகும்போது ஒருக்கால் நெரிந்து, மேலே திரும்பவும் சுண்ணாம்பு படிந்ததால் வந்த தழும்பு அது என்று கேசிகா விளக்கியிருந்தாள். அப்படியென்றால் அது ஒவ்வொரு முட்டையிலும் ஏன் வருகிறது என்று கிருபன் கேட்டான்.

ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாம்பலியை அவளே கொன்றாள். அந்த வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை. நோகாமல், விரைவாகச் செய்வாள். உள்ளே முட்டை ஒன்று ஓடு முற்றி வெளியே வரத் தயாராக இருந்தது. அதற்கு மேலே சூலகத்தில் மஞ்சள் உருண்டைகள் தொங்கின. பெரியது அடுத்த முட்டைக்கு, அதைவிடச் சின்னது அதற்கடுத்ததற்கு என்று கடுகளவு வரை வரிசையாக இருந்தன. கேசிகாவுக்குத் தேவைப்பட்டது அந்த உருண்டைகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல். அதிலுள்ள உயிரணுக்களைப் பிரித்துச் சின்ன வட்டத் தட்டுகளில் ஊட்டத் திரவத்தில் வளர்த்தாள். கோழியின் உடல்சூட்டில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் தட்டுகளை வைத்தாள். அதை அவள் இன்குபேட்டர் என்பாள், கிருபன் அடைப்பெட்டி என்பான்.

அவள் ஆராய்ந்தது இதைத்தான்: கோழியின் மூளைக்குக் கீழேயுள்ள சுரப்பியிலிருந்து ஒரு ஹோர்மோன் இரத்தத்தில் வரும். அது வந்து தொட்டதும் இந்த உயிரணுக்களுக்குள் கல்சியம் ஏறும். கல்சியம் ஏறினால்தான் அவை தங்கள் பங்குக்கு வேறொரு ஹோர்மோனைச் சுரக்கும். கடைசியில் பெரிய உருண்டை வெடித்து, மஞ்சட்கரு தன் வழியில் இறங்கி, மறுநாள் முட்டையாக வெளியே வரும். கல்சியம் ஏறும்போது பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைக் கேசிகா உயிரணுக்களுக்குள் சேர்த்திருந்தாள். ஹோர்மோனை ஒரு துளி விட்டால் தட்டு பச்சையாகும். விடாவிட்டால் இருட்டாகவே கிடக்கும். தட்டில் மூளையும் இல்லை, இரத்தமும் இல்லை. சொல்லுவதற்கு யாருமில்லாமல் அவை தாமாக எதுவும் செய்யமுடியாது.

மறுநாள் மதியம் அவள் முதல் தட்டை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தாள். ஹோர்மோன் இன்னும் குளிர்ப்பெட்டியில்தான் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. ஹோர்மோன் விடாத தட்டை முதலில் கொஞ்சநேரம் பதிவுசெய்வது வழக்கம். அவள் கதிரையில் சாய்ந்து தேநீரை எடுத்தாள்.

திரையின் இடது மூலையில் ஒரு உயிரணு பச்சையாகியது. பிறகு பக்கத்தில் இருந்தது, பிறகு அதற்கும் பக்கத்தில் இருந்தது. காற்றடிக்கும்போது நெல்வயலில் ஓடுவதுபோல ஒரு பச்சை அலை தட்டின் ஒரு கரையில் தொடங்கி மறுகரைக்கு மெதுவாகப் போய் முடிந்தது. திரை திரும்பவும் கறுத்தது.

திரவத்தில் ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்தாள். புதுத் திரவம் செய்தாள். மற்றத் தட்டுகளைப் பார்த்தாள். அவை வேறு பெட்டியில் இருந்தவை. அங்கே பொருத்தியிருந்த சின்னக் கமரா, அதே நேரத்தில் அவற்றிலும் அலை ஓடியதைப் பதிவுசெய்திருந்தது.

அடுத்தநாள், முன்னையதைவிடக் கொஞ்சம் பிந்தி, திரும்பவும் அலை வந்தது. அன்று பின்னேரம் கிருபன் போன் எடுத்தான்.

“கேசி, நீ சாம்பலியைக் கொன்றுதானே போட்டனீ?”

“இதென்ன கேள்வி அண்ணா? கையில பிடிச்சுத் தந்ததே நீங்கள்தானே.”

“அதின்ர பெட்டிக்குள்ள முட்டை கிடக்கு.”

“பழசா இருக்கும்.”

“பழசு எப்பிடியடி சுடும்? இப்பதான் இட்டமாதிரிக் கிடக்கு. வளையமும் இருக்கு.”

வேறு ஏதாவது கோழி அந்தப் பெட்டிக்குப் பழகியிருக்கும் என்று கேசிகா சொன்னாள். வளையம்? அதுவும் சில கோழிகளுக்கு வரும் என்றாள். கிருபன் சரியென்று போனை வைத்தான். அவன் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. தானும் நம்பவில்லை என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

பிறகு வந்த நாட்களில் அலை ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் சியாகுல்லியில் ஒரு முட்டை கிடந்தது. அலை நாளுக்கு நாள் பிந்தியது, முட்டையும் பிந்தியது. ஒருநாள் அவள் பின்னேரம் முழுக்கத் திரையின் முன்னால் இருந்தும் தட்டு இருட்டாகவே கிடந்தது. மறுநாள் அவளே கிருபனுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

“இண்டைக்கு இல்லை. பெட்டி வெறுமையாக் கிடக்கு” என்றான் அவன்.

இது அவள் புத்தகத்தில் படித்த கணக்கு. கோழி நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்தி முட்டையிடும். பிந்திப் பிந்திப் பொழுது சாயும் நேரத்துக்கு வந்ததும் ஒருநாள் ஓய்வெடுக்கும். அடுத்தநாள் காலையிலிருந்து புதிதாகத் தொடங்கும். தட்டிலிருந்த உயிரணுக்கள் உயிரோடிருக்கும் ஒரு கோழியின் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவள் சியாகுல்லிக்குப் போனாள். பிந்திப் பழுக்கும் மந்தரின்கள் மரம் நிறையத் தொங்கின. வெயில் சூடில்லாமல் அடித்தது. கிருபன் இரண்டு பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டான். அண்ணனும் தங்கையும் சாம்பலியின் பெட்டிக்கு முன்னால் இருந்தார்கள்.

“நான் இதுவரைக்கும் கிட்ட இருந்து பாக்கேல்லை. துணிவு வரேல்லை” என்றான் கிருபன்.

நேரம் போனது. மற்றக் கோழிகள் மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் தலையைத் தூக்கின. ஒன்றும் சத்தம்போடவில்லை. எல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பெட்டிக்குள் வைக்கோல் மெதுவாக அமுங்கியது. யாரோ உள்ளங்கையால் அமத்துவதுபோல நடுவில் ஒரு குழி விழுந்தது. குழியின் ஓரத்தில் ஒரு வைக்கோல் துரும்பு தூக்கப்பட்டு, திருப்பப்பட்டு, மறுபக்கம் வைக்கப்பட்டது. கோழி அடைக்கு இருக்கும்போது சொண்டால் செய்வதுபோல. கேசிகாவின் கை கிருபனின் சட்டையைத் தேடிப் பிடித்தது. குழி கொஞ்சநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு அதற்குள் ஒரு முட்டை இருந்தது. அது எந்த நொடியில் வந்தது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓடு ஈரமாகப் பளபளத்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த ஈரம் காய்ந்து மங்கியது. அமுங்கியிருந்த வைக்கோல் மேலே எழும்பியது. அதன் பின்தான் சத்தம் வந்தது, முட்டையிட்ட பேடு கேறும் சத்தம். அந்தச் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வெளியே இறங்கி, அவர்களின் காலடியைத் தாண்டி, மரங்களுக்குள்ளே போனது.

கிருபன் அழுதான். பயத்திலா வேறெதிலா என்று கேசிகாவுக்குத் தெரியவில்லை.

“தான் செத்ததை அது அறியேல்லை, கேசி” என்றான்.

அவள் அந்த முட்டையை வாங்கிக்கொண்டு போய் ஆய்வுகூடத்தில் உடைத்தாள். வெள்ளையும் மஞ்சளும் எல்லா முட்டையிலும் இருப்பதுபோலத்தான் இருந்தன. மிச்ச முட்டைகளைக் கிருபன் தின்னவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. ஒரு கூடைக்குள் வைத்து மேலே துணி போட்டு மூடியிருந்தான்.

வேறு யாரும் பயந்து இதை இத்தோடு விட்டிருப்பார்கள். ஆனால் கேசிகாவுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது: தட்டில் எதையாவது மாற்றினால் முட்டையும் மாறுமா? அது வந்த பிறகு அவளுக்கு நித்திரை பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அவள் தட்டுகளிலிருந்த திரவத்தை எடுத்துவிட்டு, கல்சியமே இல்லாத திரவத்தை ஊற்றினாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அன்று அலை வந்தது. ஆனால் மங்கலாக, தேய்ந்து தேய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதுபோலப் போனது.

மறுநாள் கிருபனின் குரல் மாறியிருந்தது.

“இண்டைக்குத் தோல்முட்டை. ஓடு இல்லை. கையில எடுத்தால் பையாத் தொங்குது. அதுக்குக் கல்சியம் காணாது, என்ன? சிப்பி நொருக்கிப் போடட்டோ?”

“போடுங்கோவன்” என்றாள், வாயில் வந்ததை.

“ஆருக்கடி போட?” என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அவள் அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. கல்சியத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, இரண்டு கிழமையாகத் தொடாமல் வைத்திருந்த ஹோர்மோனை எடுத்தாள். வழக்கமாக ஒரு துளி விடுவாள். அன்று அதைவிடப் பல மடங்கு விட்டாள். அலைக்கு உரிய நேரமும் அதுவல்ல. தட்டு முழுக்க ஒரேயடியாகப் பச்சையாகியது. அணையவில்லை. கரையிலிருந்து கரைவரை எரிந்துகொண்டே நின்றது. திரையின் ஒளியில் அவளுடைய கைகளும் பச்சையாகத் தெரிந்தன.

கொஞ்சநேரத்தில் போன் அடித்தது. கிருபன் வேறொன்றும் சொல்லவில்லை. “உடனே வா” என்றான்.

அவள் போனபோது அவன் பெட்டியிலிருந்து தள்ளி நின்றான். கோழிகள் எல்லாம் தோட்டத்தின் மறுகோடியில் மதிலோடு ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்தன. பெட்டிக்குள் வைக்கோல் மஞ்சளாக நனைந்திருந்தது. ஓடும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் மஞ்சட்கருக்கள் கிடந்தன. ஒன்று பெரியது, அடுத்தது அதைவிடச் சின்னது, பிறகு இன்னும் சின்னது. சூலகத்தில் அவள் பார்த்த அதே வரிசை, கடுகளவு வரை. இன்னும் வந்துகொண்டிருந்தன. வெறும் பெட்டிக்குள்ளிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. சொண்டு திறந்திருக்கும்போது கோழியின் தொண்டையிலிருந்து வரும் அந்த வறண்ட இழுப்பு.

“என்ன செய்தனீ?” என்று கிருபன் கேட்டான்.

அவள் சொன்னாள். கல்சியத்தை எடுத்ததையும் சொன்னாள்.

“அதுக்கு நோகும் எண்டு நீ ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?”

“தட்டில கிடக்கிறதுக்கு நோகாது அண்ணா. நோகிறதுக்கு அதில ஒண்டும் இல்லை.”

“அப்ப இஞ்சை இருந்து இழுக்கிறது என்ன?”

கிருபன் பெட்டிக்குக் கிட்டப் போனான். குனிந்து, வெறும் வைக்கோலுக்கு மேலே, கோழியின் முதுகு இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்தான். கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தான்.

“சூடாக் கிடக்கு. நீ போ. போய் என்ன செய்யோணுமோ செய். நான் இதோட இருக்கிறன்.”

பஸ்ஸில் வழி முழுவதும் அவள் யோசித்தது ஒன்றைத்தான். தேவையில்லாத உயிரணுக்களை அழிப்பது லேசான வேலை. வெளிற்றும் திரவத்தை ஊற்றினால் எல்லாம் முடிந்துவிடும். அது விடுதலையா, இரண்டாம் தரம் கொல்வதா? இன்குபேட்டரைத் திறந்து போத்தலைக் கையில் எடுத்தபின்பும் அவளுக்குத் தெரியவில்லை. தட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் போத்தலை வைத்துவிட்டுக் கிருபனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணா, நான் இதை முடிக்கட்டோ?”

அந்தப் பக்கம் மூச்சுத்தான் கேட்டது, இரண்டு மூச்சுகள். ஒன்று கிருபனுடையது.

“வேண்டாம். அது தன்ர பாட்டில முடியட்டும். முட்டை சிக்கின கோழிக்கு என்ன செய்யிறது? சூடு குடுத்து, குடிக்கக் குடுத்து, வெளிச்சம் படாமல் விடுறது. அதைச் செய்” என்றான் கிருபன்.

அவள் தட்டுகளைக் கழுவினாள். ஹோர்மோன் போகும்வரை மெதுவாகப் பலமுறை கழுவினாள். கல்சியம் சரியான அளவில் உள்ள புதுத் திரவத்தைக் கோழியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, தட்டின் ஓரமாக ஊற்றினாள். விளக்குகளை அணைத்தாள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. போனில் ஒரு மூச்சு ஓய்ந்தது.

“படுத்திட்டுது” என்றான் கிருபன்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தட்டுகளில் ஒன்றும் சோதிக்கவில்லை. திரவம் மாற்றினாள், சூட்டைப் பார்த்தாள். இப்படிப்பட்ட உயிரணுக்கள் தட்டில் ஒரு கிழமை தங்கினாலே பெரிய காரியம். இவை பங்குனி கடந்தும் இருந்தன. அலைகள் தொடர்ந்து வரவில்லை, எப்போதாவது வந்தன. முட்டைகளும் அப்படியே. கடைசியாக வந்த முட்டை புறாமுட்டை அளவுதான். வளையம் இருந்தது. கிருபன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே மஞ்சட்கரு இல்லை. அதற்கு முதல்நாள் ஆய்வுகூடத்தில் ஒரு அலை இடது கரையில் புறப்பட்டு, தட்டின் பாதிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. கேசிகா மற்றக் கரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

கிருபன் எல்லா முட்டைகளையும் ஒரு மந்தரின் மரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தான். சாம்பலியின் பெட்டியைப் பிரித்து விறகாக்கினான்.

பேராசிரியர் மொனிகா பதிவுகளைப் பார்த்தார். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“ஹோர்மோன் இல்லாமலா?”

“இல்லாமல்.”

“ஒன்று உன் கருவியில் பிழை, அல்லது இந்தத் துறையில் யாரும் காணாததை நீ கண்டிருக்கிறாய். இன்னொரு கோழியில் செய்து காட்டு.”

கேசிகா சியாகுல்லியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணனிடம் இன்னொரு கோழி கேட்கவுமில்லை. கேட்டாலும் அவன் தந்திருக்கமாட்டான். அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சமைத்ததை அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் அவளைக் கோழிகளுக்குக் கிட்ட அவன் விடுவதில்லை. தோட்டத்துக் கேற்றடியிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொள்வான்.

கோடையில் தடை நீங்கியது. பண்ணைக் கோழிகள் வரத் தொடங்கின. கூடுகளில் நெருக்கி வளர்த்தவை, பெயரில்லாதவை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாதவை. வழக்கம்போல அவள் பல கோழிகளின் உயிரணுக்களை ஒன்றாகக் கலந்தே தட்டுகளில் வளர்த்தாள். அவை ஒழுங்காக நடந்துகொண்டன. ஹோர்மோன் விட்டால் பச்சை, விடாவிட்டால் இருட்டு. கருவியில் பிழை என்றே அறிக்கையில் எழுதினார்கள். கேசிகாவும் கையெழுத்து வைத்தாள். அவளுக்கு நித்திரை திரும்ப வந்தது.

ஆவணியில் ஒரு மதியம் அவள் புதுத் தட்டொன்றைக் கருவியின் கீழே வைத்தாள். ஹோர்மோனை எடுக்கக் குளிர்ப்பெட்டிப் பக்கம் திரும்பினாள். திரையின் ஒளியில் சுவர் பச்சையாகியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இந்தமுறை ஒரு அலை இல்லை. தட்டின் எல்லாக் கரைகளிலிருந்தும் அலைகள் புறப்பட்டு, நடுவில் வந்து ஒன்றோடொன்று முட்டிக் கலைந்தன. பிறகு திரும்பவும் கரையிலிருந்து தொடங்கின.

அவள் கிருபனுக்குப் போன் எடுத்தாள்.

“எந்தக் கோழி?” என்று அவன் கேட்டான்.

“தெரியேல்லை அண்ணா. ஒண்டில்லை. எத்தினையெண்டும் தெரியேல்லை.”

“அதுகள் எங்கை இடும்?”

பண்ணையை அவள் ஒருமுறைதான் பார்த்திருந்தாள். கம்பிக் கூடுகள், சரிந்த தரை, முட்டைகள் உருண்டுபோய் விழும் நீண்ட பட்டி. அதில் இன்னும் சில முட்டைகள் கூடினால் யாருக்கும் தெரியவராது. பெட்டியிலடுக்கி, முத்திரை குத்தி, ஊர் முழுக்கக் கடைகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவள் அதைச் சொன்னாள்.

“கல்சியம் இருக்கோ எண்டு பார்” என்றான் கிருபன்.

கேசிகா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திரவப் போத்தலை எடுத்துச் சூடாக்க வைத்தாள். பிறகு எழும்பிப் போய் ஆய்வுகூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.